பந்தைப் பார்க்காத எண்பதாயிரம் பேர்

திண்டுக்கல் பக்கத்துக் கொசவபட்டி அந்தோணியார் கோயில் ஜல்லிக்கட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்களில் இரண்டு சாதி உண்டு. தடுப்புக் கம்பை ஒட்டி நின்று மாட்டை முழுசாகப் பார்த்தவன் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துவிடுவான். பத்தாவது வரிசைக்குப் பின்னால் நின்று, முன்னால் நின்றவனின் பனியன் ஓட்டையை மட்டும் மூணு மணி நேரம் பார்த்தவன் இருக்கிறானே, அவன்தான் சாணார்பட்டி டீக்கடையில் வந்து உட்கார்ந்து, “மாப்ள, அந்தச் செவலைக் காளை இருக்கே…” என்று ஆரம்பிப்பான். மாஸ்டர் கடையைக் கட்டினாலும் அவன் கதையைக் கட்ட மாட்டான்.

சரித்திரம் என்று நாம் படிப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது சாதிக்காரன் சொன்னது என்பது என் அபிப்பிராயம். அதற்கு நான் காட்டும் சாட்சி 1911 ஜூலை 29, சனிக்கிழமை சாயங்காலம், கல்கத்தா. மோகன் பகான் என்ற வங்காளி கிளப், கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்து இறுதியாட்டத்தில் 2–1 என்று சாய்த்த நாள். நம் பக்கம் ஆடியது பதினோரு பேர். பார்க்க வந்தது அறுபதாயிரம் என்பார்கள் சிலர். எண்பதாயிரம் என்று ராய்ட்டர் செய்தி போனது. எப்படி எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். நம்மூரில் கட்சி மாநாட்டுக் கூட்டத்தை எண்ணுகிறார்களே, அதே கணக்குதான்.

மேற்கொண்டு போகுமுன் ஒரு ஏற்பாடு. எனக்கு வங்காளம் தெரியாது. கற்றுக்கொள்கிற வயதும் தாண்டிவிட்டது. ஆகையால் இந்தக் கட்டுரையில் கல்கத்தா ஜனங்கள் அத்தனை பேரும் சாணார்பட்டித் தமிழே பேசுவார்கள். வெள்ளைக்காரர்களும் தேவைப்பட்டால் பேசுவார்கள். பேச்செல்லாம் என் கற்பனை. பேரும் தேதியும் கோல் கணக்கும் நிஜம்.

வினை 1877-இல் ஆரம்பித்தது. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்று ஒரு பொடியன். பேரே அப்படி, குடும்பப் பட்டம், பையனைக் குறை சொல்லக் கூடாது. அம்மா கங்கையில் தலை முழுகக் குதிரை வண்டியில் போகிறார், பையனும் கூடப் போகிறான். வழியில் மைதானத்தில் சிப்பாய்கள் ஒரு உருண்டையை உதைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பையன் வண்டியை விட்டு இறங்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். பந்து அவன் காலடிக்கே வருகிறது. “தம்பி, உதைச்சு விடுறா இங்கிட்டு” என்கிறான் ஒரு சிப்பாய். உதைத்தான். அன்றைக்கு அம்மா கங்கையில் முழுகினார். மகன் வீட்டாரின் நிம்மதியை முழுகடித்தான்.

மறுநாள் ஹேர் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகளிடம் காசு வசூல். வெள்ளைக்காரன் கடையில் போய் ‘ஒரு பந்து குடுங்க’ என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார்கள். அது ரக்பி பந்து. முட்டை மாதிரி இருக்கிற அதை வைத்துக்கொண்டு பையன்கள் மைதானத்தில் குஸ்தி போடுவதைப் பக்கத்தில் இருந்த பிரெசிடென்சி கல்லூரி வராண்டாவிலிருந்து ஸ்டாக் என்ற பேராசிரியர் பார்த்தார். இறங்கி வந்தார். நம்மூர் வாத்தியாராக இருந்தால் பந்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். பூட்டுக்குத்தான் நம் பக்கம் பஞ்சமே இல்லையே. ஸ்டாக்கோ, “அடேய், இது வேற ஆட்டத்துப் பந்து” என்று சொல்லி, உருண்டைப் பந்து ஒன்றைக் கொடுத்து, ஆட்டத்தின் நெளிவுசுளிவையும் சொல்லிக் கொடுத்தார். இந்தியாவின் கல்லூரிக் கால்பந்துக்கு அந்த வராண்டாதான் பிறந்த வீடு.

வாத்தியார்கள் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. நாகேந்திரன் பிறந்த அதே 1869-இல், நவம்பர் 6-ஆம் தேதி, அமெரிக்காவில் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டனுக்கும் ஒரு ஆட்டம் நடந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்று இன்றைக்கும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். எவன் நம்மாள் என்று தெரிய ரட்கர்ஸ் பையன்கள் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். 6–4 என்று ஜெயித்தார்கள். தலைப்பாகை கட்டினால் கை ராசி என்று திண்டுக்கல்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேடிக்கை பார்த்தது சுமார் நூறு பேர். அந்த நூறில் ஒரு வயசான பேராசிரியர் குடையை ஆட்டி ஆட்டி, “நீங்கள்லாம் உருப்படவே மாட்டீங்கடா” என்று சாபம் விட்டுவிட்டுப் போனதாகக் கதை உண்டு. அந்தச் சாபம் பலித்த லட்சணம்: இன்று அங்கே சனிக்கிழமைதோறும் ஒரு லட்சம் பேர் கல்லூரி மைதானத்தில் உட்கார்ந்து கத்துகிறார்கள்.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். நாகேந்திரன் கிளப் மேல் கிளப்பாக ஆரம்பித்தான். அதில் ஒன்றில், குயவர் வீட்டுப் பையன் மணி தாஸைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று பெரிய வீட்டு உறுப்பினர்கள் முகத்தைச் சுளித்தார்கள். “அவன் நம்ம கூட ஆடுறதா?” நாகேந்திரன் வாக்குவாதம் பண்ணவில்லை. கிளப்பையே கலைத்துவிட்டான். புதுசாக ஷோபாபஜார் கிளப் என்று ஒன்றை எடுத்துக் கட்டி, உறுப்பினர் பட்டியலில் முதல் பேராக மணி தாஸ் பேரை எழுதினான். சாதி ஒழிப்பில் தீர்மானம் போடுவது ஒரு வழி. கிளப்பையே ஒழிப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் செலவு கம்மி. அந்த ஷோபாபஜார்தான் 1892-இல் டிரேட்ஸ் கோப்பையில் கிழக்கு சர்ரே ரெஜிமெண்டைத் தோற்கடித்து, வெள்ளைக்காரன் காலும் சதைதான் என்று முதலில் காட்டியது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் போகவில்லை. அதனால் 1911 அளவுக்கு அதைப் பற்றிப் பேச்சு இல்லை. ஆட்டம் பெரிசாவது ஆட்டத்தால் இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. ஆகஸ்ட் 15 என்று பார்த்ததும் ரசிகனுக்குப் புல்லரிக்கும், புல்லரிக்கட்டும். முதலில் அதன் பேர் மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப். ஒரு வருஷம் கழித்து ஆண்டு விழா. பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ வந்திருந்தார். “ஸ்போர்ட்டிங்னு போட்டிருக்கீங்களே, மீன் பிடிப்பீங்களா?” “இல்லீங்க.” “வேட்டைக்காச்சும் போவீங்களா?” “அதுவும் இல்லீங்க.” “அப்புறம் என்னத்துக்கு ஸ்போர்ட்டிங்? அத்லெடிக்னு மாத்திக்கங்க.” மாற்றிக்கொண்டார்கள். சிறுமலை அடிவாரத்தில் முயல் பிடிக்கிற நம் பயல்கள் ஒரு கிளப் ஆரம்பித்திருந்தால் ரோ வாயைத் திறந்திருக்க முடியாது.

1911 அணியைப் பார்த்தால் ஏதோ கல்லூரி ஹாஸ்டலில் லீவு நாளில் ஆள் சேர்த்த மாதிரி இருக்கும். சென்டர் ஃபார்வர்டு அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவன். ராஜேன் சென்குப்தாவும் அங்கேயே. கானு ராய் பிரெசிடென்சி. பின்வரிசையில் நின்ற சுதீர் சட்டர்ஜி மிஷன் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், கிறிஸ்தவர், பிற்பாடு பாதிரியார். பதினோரு பேரில் பூட்ஸ் போட்டவர் அவர் ஒருத்தர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி கால்நடைத் துறை இன்ஸ்பெக்டர். எங்கள் பக்கத்தில் மாட்டு டாக்டருக்கு இருக்கிற மரியாதை மனுச டாக்டருக்குக் கிடையாது என்பதால், அவர்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பிடிப்பு. முரட்டுக் காளை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவருக்கு யார்க்‌ஷயர் சிப்பாய் எம்மாத்திரம்.

முதல் சுற்றிலேயே செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி சிக்கியது, 3–0. அடுத்து ரேஞ்சர்ஸ் 2–1. அடுத்து ரைஃபிள் பிரிகேடு 1–0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு 1–1 என்று இழுபறி. மறு ஆட்டத்தில் 3–0. மிடில்செக்ஸ் கோல்கீப்பர் பிகட் பெரிய ஆள். அபிலாஷ் பந்தோடு போய் அவர்மேல் மோதியதில் கண்ணில் அடி. அதிலிருந்து வெள்ளைக்காரர் கூடாரத்துக்கு அபிலாஷைக் கண்டால் ஆகாது. நம் கூடாரத்துக்கோ அபிலாஷ் குலசாமி.

காலத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். 1905-இல் கர்ஸன் வங்காளத்தைக் கத்தரித்துவிட்டுப் போயிருந்தார். 1908-இல் குதிராம் போஸைத் தூக்கில் போட்டார்கள். நம் பக்கம் வ.உ.சி. சிறையில், அவரோடு உள்ளே போனவர் நம் மாவட்டத்து வத்தலக்குண்டு சுப்பிரமணிய சிவா. மணியாச்சி ஜங்‌ஷனில் ஆஷ் துரை சுடப்பட்டது 1911 ஜூன் 17. அதுவும் சனிக்கிழமைதான், கல்கத்தா இறுதியாட்டத்துக்குச் சரியாக ஆறு வாரம் முன்னால். நாடு முழுக்க நான்கு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ்காரன் லத்தியைத் தடவுகிற காலம். அந்தக் காலத்தில் எண்பதாயிரம் பேர் ஒரே இடத்தில், அதுவும் வில்லியம் கோட்டைக்குப் பக்கத்தில் கூடுவதற்கு ஒரே ஒரு சட்டப்படியான காரணம்தான் இருந்தது: “சும்மா ஃபுட்பால் பார்க்க வந்தோமுங்க.”

வந்தார்களே, எப்படி வந்தார்கள்! ஈஸ்ட் இந்தியன் ரயில்வே ஸ்பெஷல் ரயில் விட்டது. ஹூக்ளி ஆற்றில் கூடுதல் ஸ்டீமர் ஓடியது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டவரைச் செக்கிழுக்க வைத்த அதே ராஜாங்கத்தில், கல்கத்தாவில் ஜனங்கள் வெள்ளைக்காரன் தோற்பதைப் பார்க்க ஸ்டீமர் ஏறி வந்தார்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு. கம்பெனிக்காரனுக்கு எல்லாக் காசும் ஒரே நிறம்.

மைதானம் கல்கத்தா ஃபுட்பால் கிளப்பினுடையது. உறுப்பினர்களான துரைமார்களுக்கு ஒரு பக்கம். காசு கொடுத்து உட்காருகிறவர்களுக்கு ஒரு பக்கம். இரண்டு ரூபாய் டிக்கெட் பதினைந்து ரூபாய்க்குக் கைமாறியது. மிச்சப்பட்டவர்களுக்கு மேடு, மரம், பிறத்தியான் தோள். மரப்பெட்டி வியாபாரம் ஒன்று அங்கேயே முளைத்தது: பெட்டிமேல் ஏறி நிற்க இத்தனை அணா என்று வாடகை. பெட்டி கிடைக்கும் இடம் பின்வரிசை. முன்வரிசையில் எவனாவது பெட்டிமேல் ஏறினால் பின்னால் நிற்பவன் வேட்டியைப் பிடித்து இழுப்பான். ஆகவே எல்லாரும் பெட்டி வாங்கினார்கள், எல்லாரும் ஒரே உயரத்துக்கு ஏறினார்கள், எல்லாருக்கும் முன்னால் மறுபடி ஒரு முதுகு. பெட்டிக்காரன் மட்டும் உயர்ந்தான்.

அப்புறம் பட்டம். இதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். பார்க்க முடியாத ஜனத்துக்கு ஸ்கோர் தெரிய வேண்டுமே என்று, காகிதப் பட்டத்தில் கோல் கணக்கை எழுதி வானத்தில் ஏற்றினார்கள். ரேடியோ பிறக்காத காலத்தில் நேரலை ஒளிபரப்பு. மாஞ்சா நூலில் ஓடிய ஒளிபரப்பு. காற்று நின்றால் செய்தி நின்றுவிடும். விளம்பர இடைவேளை மட்டும் கிடையாது.

மாலை ஐந்தரை மணிக்கு நடுவர் புல்லர் விசில் ஊதினார். முதல் பாதியில் கோல் இல்லை. இந்த இடத்தில் சாதாரண ஆட்டக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். ஆனால் பின்வரிசைக்காரனுக்குக் கோல் இல்லாத பாதிதான் கடினமான பாதி. முன்னால் ‘ஓ’ என்று ஒரு சத்தம் வரும். என்ன ‘ஓ’? நல்ல ‘ஓ’வா, கெட்ட ‘ஓ’வா?

“என்னண்ணே, என்ன ஆச்சு?”

“கம்முனு இருடா. ஷிப்தாசு பந்தை எடுத்துட்டுப் போறாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்கென்ன தெரியும், முன்னாடி ஒரு குடுமி மறைக்குது. அவரைக் கேளு.”

“பெரியய்யா, ஷிப்தாசு என்னய்யா பண்ணாரு?”

“ஷிப்தாசு இல்லடா தம்பி, அது அவங்க அண்ணன் விஜய்தாசு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி.”

பெரியய்யா சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஷிப்தாஸும் விஜய்தாஸும் சாடையில் ஒரே அச்சு. அன்றைக்கு அண்ணனும் தம்பியும் இடம் மாறி மாறி ஆடியதில் யார்க்‌ஷயர் தடுப்பாட்டக்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் முழித்தார்கள் என்று சொல்வார்கள். பக்கத்தில் நின்று ஆடியவனுக்கே அடையாளம் தெரியவில்லை. பெட்டிமேல் நின்றவனுக்குத் தெரிந்ததாம். நம்புவோம்.

இரண்டாம் பாதி. கோலுக்கு வெளியே கிழக்கு யார்க்‌ஷயருக்கு ஒரு ஃப்ரீ கிக். சார்ஜென்ட் ஜாக்சன் அடித்தார். உள்ளே. 1–0.

செய்தி முன்வரிசையிலிருந்து பின்னால் புறப்பட்டது. முதல் வரிசையில் “ஃப்ரீ கிக்குல கோல்” என்று கிளம்பி, பதினைந்தாவது வரிசையில் “ஓசியில கோல் குடுத்துட்டாய்ங்க” என்று ஆகி, மரத்தடிக்கு வரும்போது “நடுவர் காசு வாங்கிட்டான்” என்று போய்ச் சேர்ந்திருக்கும். மரத்தடிக்காரன் அதற்குமேல் யோசிக்கவே மாட்டான். அவன் காலையிலேயே அதைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பான். வானத்தில் பட்டம் ஏறியது: ஈஸ்ட் யார்க் 1, மோகன் பகான் 0. எண்பதாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். துரைமார் பக்கத்தில் தொப்பிகள் பறந்தன. நம் பக்கத்தில் ஒருத்தர் பெட்டியை விட்டு இறங்கி, “நான் அப்பவே சொன்னேன், வெறுங்காலோட போகாதீங்கடான்னு” என்றிருப்பார். எந்தக் கூட்டத்திலும் அந்த ஒருத்தர் உண்டு. ஜெயித்த பிறகு ஊர்வலத்தில் முதல் ஆளாக நடப்பவரும் அவரே.

வெறுங்கால் விவகாரத்தை இங்கேயே முடித்துவிடுவோம். சேறு இருந்தால் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸ் பிடிக்கும். தரை காய்ந்திருந்தால் வெறுங்காலுக்கு ஓட்டம் கூடுதல், பந்து விரலோடு பேசும். ஆடிமாதக் கல்கத்தாவில் மழை பெய்யாமல் இருந்தது பாதி வெற்றி. இந்த வெறுங்கால் பழக்கம் நம்மவர்களை 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் வரை விடவில்லை. பிரான்சோடு ஆடிய ஆட்டத்தில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி, இரண்டு பெனால்டியை வீணடித்து, 1–2 என்று தோற்றார்கள். அந்த ஒற்றைக் கோலை, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோலை, அடித்தவர் சாரங்கபாணி ராமன். பேரைக் கேட்டதும் “நம்மாளு!” என்று நான் துள்ளிக் குதித்ததை மறைக்க விரும்பவில்லை. ரசிகன் புத்தி.

கல்கத்தாவில் ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் பாக்கி. ஷிப்தாஸ் பந்தை வாங்கிக்கொண்டு போய் அடித்தார். 1–1.

இப்போது அந்தப் பட்டக்காரனை நினைத்துப் பாருங்கள். பேர் தெரியாத மனுசன். சரித்திரம் அவன் பேரை எழுதிவைக்கவில்லை. நூலை வேகமாகச் சுற்றிப் பட்டத்தை இறக்க வேண்டும். பழைய கணக்கை அழித்துப் புதுக் கணக்கை எழுத வேண்டும். சுற்றிலும் ஜனம் மேலே விழுந்து கட்டிப்பிடிக்கிறது. மை கொட்டியிருக்கும். நூல் எவன் காலிலோ சிக்கியிருக்கும். “யோவ், நூலை மிதிக்காதய்யா, நகரு, நகரு அங்கிட்டு!” ஒருவழியாக ‘1–1’ என்று எழுதி, ஊதி ஊதிக் காயவைத்து, பட்டத்தைக் காற்றில் தூக்கப் போகிற நேரம்…

இரண்டு நிமிஷம் பாக்கி. ஷிப்தாஸ் மறுபடி இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு போய், இந்தத் தடவை தானே அடிக்காமல் அபிலாஷ் பக்கம் தள்ளினார். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரிப் பையன் ஒரே உதை. 2–1.

பட்டக்காரன் என்ன செய்தான் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: பட்டத்தை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு ஆடியிருப்பான். அதனால் மைதானத்தின் கடைசிக் கோடியில் நின்ற சில ஆயிரம் பேருக்கு 1–0 தெரிந்தது, அதற்குமேல் தெரியவில்லை. முன்னால் இருக்கிறவர்கள் பைத்தியம் பிடித்தவர்களைப் போல் குதிப்பதைப் பார்த்து, தோற்றதற்கு ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று சிறிது நேரம் குழம்பி, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று தாங்களும் குதித்திருப்பார்கள்.

கூட்டம் செய்த முதல் காரியம் சட்டையைக் கழற்றியது. கழற்றியது என்பது மரியாதையான வார்த்தை. கிழித்தெறிந்து தலைக்குமேல் சுழற்றினார்கள் என்று ராய்ட்டர் லண்டனுக்குத் தந்தி அடித்தது. இங்கிலாந்தில் காலைக் காபியோடு அதைப் படித்த யாருக்கும் இது பரம்பரை வியாதி என்று தெரிந்திருக்க நியாயமில்லை. 2002 ஜூலை 13 அன்று லார்ட்ஸ் பால்கனியில் சவுரவ் கங்குலி சட்டையைக் கழற்றிச் சுழற்றியபோது, ‘நாகரிகமா இது’ என்று கேட்டவர்கள் தொண்ணூற்றொரு வருஷம் தாமதமாகக் கேட்டார்கள். அதுவும் ஒரு சனிக்கிழமை.

முஸ்லிம் ஸ்போர்ட்டிங் கிளப் உறுப்பினர்கள் சந்தோஷத்தில் தரையில் விழுந்து புரண்டதாக ‘முசல்மான்’ பத்திரிகை எழுதியது. வங்காளத்தை இந்து, முஸ்லிம் என்று கோடு கிழித்துப் பிரித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கோட்டைப் போட்டவர் வரைபடத்தில் போட்டார். அந்த சாயங்காலம் மட்டும் அது யார் கண்ணுக்கும் படவில்லை. ஊர்வலம் பாண்டு வாத்தியத்தோடு வடகல்கத்தாவுக்குத் திரும்பியது. மாடிகளிலிருந்து பூ, சங்கு முழக்கம், வீட்டுக்கு வீடு விளக்கு.

மறுநாள் பத்திரிகைகள் ஆடிய ஆட்டம்தான் அசல் ஆட்டம். ‘நாயக்’ என்ற வங்காளப் பத்திரிகை, சோறு தின்று, மலேரியாவில் நடுங்கி, வெறுங்காலோடு திரிகிற வங்காளி, மாட்டுக்கறி தின்று பூட்ஸ் போட்ட பயில்வானைச் சாய்த்துவிட்டான் என்ற ரீதியில் பூரித்தது. சோற்றுக்கும் கறிக்கும் இப்படி ஒரு சண்டையை மூட்டியிருக்க வேண்டாம். திண்டுக்கல்லில் விசாரித்திருந்தால் இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டுத் தம் கட்டிச் சமாதானம் பண்ணிவைத்திருப்போம். துரைமாரின் ‘இங்கிலிஷ்மேன்’ பத்திரிகையோ, காங்கிரசாலும் சுதேசிக்காரர்களாலும் ஆகாததை மோகன் பகான் செய்துவிட்டது என்று எழுதியதாகச் சொல்வார்கள். பாராட்டா, காங்கிரசுக்கு ஒரு குத்தா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இதற்குப் பிறகு ரசிகர்களின் கை ஓங்கியது. நடந்ததைச் சொல்லி அலுத்தவர்கள், நடந்ததால் என்னவெல்லாம் நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதே 1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரத்தைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். வங்காளப் பிரிவினையும் ரத்து.

“பார்த்தியா மாப்ள? ரெண்டு கோல் வாங்குன அவமானத்துல ஊரையே காலி பண்ணிட்டுப் போய்ட்டாய்ங்க.”

இந்தக் கணக்கு ரொம்ப அழகு. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் சர்க்கார் தலைநகர் மாற்றத்துக்கு லண்டனுக்கு எழுதிய கடிதத்தின் தேதி 1911 ஆகஸ்ட் 25. ஆட்டம் முடிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. இதைச் சொன்னால் ரசிகன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான். ஆனால் யோசனை ஜூன் மாதமே, அதாவது மோகன் பகான் முதல் சுற்றில் கல்லூரிப் பையன்களை அடிப்பதற்கு முன்பே, வைஸ்ராயின் மேசைக்கு வந்துவிட்டிருந்தது என்பதைச் சொன்னால் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்து இரண்டு மிடறு டீ குடித்துவிட்டு, “ஜூன்லயே பயந்துட்டாய்ங்க” என்பான்.

இன்னொரு கதை. ஆட்டம் முடிந்து அணி வெளியே வருகிறது. ஒரு வயசான பிராமணர் எதிர்ப்பட்டு, வில்லியம் கோட்டை உச்சியில் பறக்கிற யூனியன் ஜாக்கைக் காட்டி, “இதைச் சாய்ச்சுட்டீங்க தம்பி, அதை எப்பச் சாய்க்கப் போறீங்க?” என்று கேட்டாராம். “அடுத்த தடவை ஷீல்டு ஜெயிக்கும்போது” என்று யாரோ பதில் சொன்னார்களாம். மோகன் பகான் அடுத்த தடவை ஷீல்டு ஜெயித்தது 1947-இல்.

கதை எப்போது பிறந்தது, 1911-இலா 1947-க்குப் பிறகா என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். அதை விட எனக்கு உறுத்துவது வேறு. 1923-இல் மோகன் பகான் மறுபடி இறுதியாட்டம் வரை போனது. அன்றைக்கு மழை. வெறுங்கால் வழுக்கி, கல்கத்தா ஃபுட்பால் கிளப்பிடம் 0–3 என்று தோற்றார்கள். பிராமணர் கணக்குப்படி பார்த்தால் அந்த மழை பெய்யாமல் இருந்திருந்தால் நமக்கு இருபத்து நாலு வருஷம் முன்கூட்டியே சுதந்திரம். காந்தி தண்டி வரைக்கும் நடந்திருக்க வேண்டாம். மவுண்ட்பேட்டன் வந்திருக்கவே வேண்டாம். நத்தம் ரோட்டில் மழை வேண்டி கழுதைக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற ஜனங்கள் நாங்கள். மழையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் அந்த ஒரு நாள் கொஞ்சம் தள்ளிப் பெய்திருக்கலாம்.

ஷீல்டு கதையில் ஒரு பங்காளிச் சண்டையும் உண்டு. 1920 ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது. அதன் ரசிகர்களிடம் 1911 என்று வாயைத் திறந்தால் போதும்: ஜெயித்த பதினோரு பேரில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்துப் பூர்வீகம், பாதுரி அண்ணன் தம்பிகளே ஃபரீத்பூர்க்காரர்கள் என்று பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். மோகன் பகான் ரசிகர்களோ ஜூலை 29-ஐ மோகன் பகான் தினம் என்று காலண்டரில் ஏற்றிவிட்டார்கள். 2020-இல் அதே தேதியில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் நாஸ்டாக் விளம்பரப் பலகையில் கிளப்பின் மெரூன்–பச்சைச் சின்னம் மின்னியது. ஊரடங்கு காலம், அங்கேயும் நேரில் போய்ப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான், போனில் வந்த படத்தைப் பார்த்துப் பேசியவர்கள்தான் கோடி.

“எங்க கிளப்புடா ஜெயிச்சது.”

“எங்க ஊர்ப் பயலுகடா அடிச்சது.”

“நீ பாத்தியா?”

“எங்க தாத்தா பாத்தாரு.”

“எங்கிட்டு இருந்து?”

“மரத்து மேல இருந்து.”

“எங்க தாத்தாவும் மரத்து மேலதான்டா இருந்தாரு. உங்க தாத்தா அங்க இல்லவே இல்ல.”

கல்கத்தாவில் யாரைக் கேட்டாலும் அன்றைக்குத் தாத்தா மரத்தின்மேல். சிறுமலையில் நிற்கிற மரம் அத்தனையையும் வேரோடு பெயர்த்துக்கொண்டு போய் அந்த மைதானத்தில் நட்டாலும் அந்தத் தாத்தாமார்களுக்குக் காணாது.